அம்மா அறை ஏர்கோன்

எங்கள் தாமான் குடியிருப்பில் தீபாவளி நெருங்குவதை இரண்டு சத்தங்களில் கண்டுகொள்ளலாம். ஒன்று, அக்கம்பக்கத்து அடுப்படிகளில் முறுக்கு பொரியும் சத்தம். இன்னொன்று, கேஸ் உருளையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரும் தவுக்கேயின் மோட்டார் சைக்கிள் சத்தம். ஜெலாப்பாங்கின் இந்த வரிசை வீடுகளுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம், அப்புறம் அறையைக் குளிர வைக்கும் ஏர்கோனுக்குக் கேஸ். எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. குளிர்ந்தாலும் சரி, குளிராவிட்டாலும் சரி, பண்டிகைக்கு முன்னால் அதற்கும் வயிறு நிறைய வேண்டும்.

தவுக்கே என்றால் முதலாளி; இவர் ஏர்கோன் பழுது பார்க்கும் ஒரு சீனர். அவருடைய அப்பா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. திட்டுவதற்கு மட்டும் சீனம், மலாய், தமிழ் மூன்றையும் கலந்துகொள்வார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த உரிமையில்தான் நானும் அவரோடு சண்டை போடுவேன்.

அம்மா எங்களோடு வந்து சேர்ந்தது அப்பா போன பிறகு. சிலிம் ரிவரில் இருந்த வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து, ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் சட்டம் போட்ட அப்பாவின் படமுமாக வந்து இறங்கினார். வெயிலில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவர். வாழ்நாளெல்லாம் ரப்பர் மரம் சீவிய உடம்பு, இப்போது சூடு தாங்க மாட்டேன் என்கிறது. அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குக் கொடுத்த அறைக்குப் புது ஏர்கோன் வாங்கி மாட்டினோம்.

அம்மாவுக்கு இடம் பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் துணிப்பையை அவர் காலி செய்யவே இல்லை. கைலி, மருந்து, சீப்பு, திருநீற்று டப்பா, எது வேண்டுமானாலும் பையிலிருந்து எடுப்பார், திரும்பப் பைக்குள்ளேயே வைப்பார். அலமாரியில் ஒரு தட்டு முழுக்க ஒதுக்கிக் கொடுத்தேன். அது காலியாகவே கிடந்தது.

"பையில இருக்கட்டும். தீபாவளி முடிஞ்சதும் ஒரு எட்டு போயிட்டு வாரேன்," என்பார்.

எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. சிலிம் ரிவர் வீட்டுக்குத்தான். போனால் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அங்கே தகரக் கூரை. பகலில் அடுப்புத் தேவையில்லை, தரையிலேயே அப்பளம் சுடலாம். தனியாக விழுந்தால் தூக்க ஆள் கிடையாது. பயம் என்றால் எனக்கு அந்த ஒரு பயம்தான்.

இப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் அந்த ஏர்கோன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

முதலில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. பிறகு உள்ளே இருக்கிற கம்பித் தகடுகளில் பனி பிடித்தது. என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறி, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தங்கப் புதையலைக் கண்டவர் மாதிரி சிரித்தார்.

"பாத்தியா, ஐஸே கட்டுது! இதுக்கு மேல எப்படி லா குளிரும்?"

"அப்ப அம்மாவ அந்த டப்பாக்குள்ள படுக்கச் சொல்லுங்க," என்றேன்.

அந்த ஐஸ் உருகி அம்மாவின் போர்வையில் சொட்டியது. வெளியே இருக்கிற பெட்டி மூச்சு விடாமல் ஓடியது. அம்மா மட்டும் குறை சொல்லவில்லை. கையில் ஒரு பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். ஏர்கோன் ஓடுகிற அறையில் ஒருவர் விசிறியால் வீசிக்கொண்டு நல்லாத்தான் இருக்கு என்றால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்கு எரிச்சலாக வந்தது.

தவுக்கே வந்தார். வெளிப்பெட்டியில் மீட்டரை மாட்டினார், முள்ளைப் பார்த்தார், "கேஸ் குறைஞ்சிருக்கு தங்கச்சி," என்றார், நிரப்பினார், போனார். அறை ஜில்லென்று ஆனது. அம்மா போர்வையை இழுத்துப் போர்த்தினார். கொஞ்ச நாள்தான். மறுபடியும் விசிறி கைக்கு வந்துவிட்டது. தவுக்கேயும் மறுபடி வந்தார், அதே முள், அதே பேச்சு.

"கேஸ் எங்க போவுது தவுக்கே?"

"ஓடுது இல்ல, குறையத்தான் செய்யும். மோட்டாருக்கு மிஞ்ஞாக் ஊத்தறது இல்லயா?" என்று பெட்ரோலை உதாரணம் காட்டினார்.

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தலையாட்டினார். அவர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். இயந்திரத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார், தானும் அதைத்தான் நினைத்தேன் என்பதுபோல.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று அடுப்படியில் ஃபிரிட்ஜைத் திறந்து மோர்க் கிண்ணத்தை எடுக்கும்போது ஒரு கேள்வி வந்தது. கிண்ணத்தோடு வாசலுக்கே போனேன்.

"தவுக்கே, இந்த ஃபிரிட்ஜு எம் புள்ளங்க பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது. இதுக்கும் உள்ள கேஸ்தானே? இதுக்கு என்னைக்காச்சும் ஊத்தியிருக்கமா?"

தவுக்கே மோட்டார் சைக்கிளில் ஏறப்போன காலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னையும் மோரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஐயோ தங்கச்சி, எல்லாரும் இதக் கேட்டா நான் சோறு திங்கறது எப்படி?"

"அப்ப குறையாதா?"

"குறையாது லா. உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டைய அடைக்காம ஊத்தினா, ஓட்டை வாளில தண்ணி பிடிக்கிற கதைதான்."

"இத முன்னாடியே சொன்னா என்ன?"

"நீங்க கேஸ் ஊத்தத்தானே கூப்பிட்டீங்க? ஓட்டை பாக்கவா கூப்பிட்டீங்க?"

அவர் சொன்னதும் நியாயம்தான். இத்தனை தீபாவளிக்கும் தாமானே வரிசையில் நின்று கேஸ் கேட்டிருக்கிறது. கேட்டதைக் கொடுத்திருக்கிறார். நாங்கள்தான் கேஸையும் தீபாவளிப் பலகாரம் மாதிரி நினைத்துக்கொண்டோம்.

அன்றே ஓட்டை தேடும் படலம் தொடங்கியது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் குழைத்து, நுரையைப் பஞ்சால் தொட்டுத் தொட்டு, குழாய் சேரும் ஒவ்வொரு திருகாணிக்கும் பூசினார் தவுக்கே. ஓட்டை இருந்தால் அங்கே குமிழி ஊதுமாம். வெளிப்பெட்டியில் ஊதவில்லை. உள்பெட்டியிலும் ஊதவில்லை. அவருடைய முகம்தான் ஊதிப்போய் இருந்தது.

"அப்ப சுவத்துக்குள்ள இருக்கு," என்றார். "பைப்ப ஏன் சுவத்துக்குள்ள புதைச்சீங்க? வெளிய போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல பாத்திருக்கலாம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். குழாய் வெளியே தெரிந்தால் சுவரின் அழகு கெட்டுவிடும் என்று சொல்லி உள்ளே புதைக்கச் சொன்னது அவர்தான். சுவர் விஷயத்தில் அவர் ஒரு தனிப்பிறவி. வரவேற்பறையில் டிவி இருக்கிற சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டி, அதில் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். எங்கள் கல்யாணப் படமே மேசைமேல் சாய்ந்துதான் நிற்கிறது.

"சுவத்த உடைக்கிறதெல்லாம் தீபாவளி கழிச்சுப் பாத்துக்கலாம்," என்றார் அவர்.

தீபாவளி கழிந்ததும் அம்மா போய்விடுவார். ஏர்கோனை யாருக்காகப் பழுது பார்ப்பது? இதை நான் சத்தமாகவே சொன்னேன். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்காதவர் மாதிரி விசிறிக்கொண்டிருந்தார்.

பண்டிகைக்கு முந்தைய வாரம் வீடு கழுவும் நாள் வந்தது. அம்மா அறைக்கு நான் வாளியோடு போனேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் அப்பா படம், மாலையோடு. கீழே சின்ன மேடையில் அகல்விளக்கு. படத்தின் அடியில் எண்ணெய் வழிந்த மாதிரி ஒரு கறை கொஞ்ச நாளாகவே தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அப்பா அழுவுறாரு போல," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா சும்மா இருக்கவில்லை. "அவரா? மரம் கால்ல விழுந்தப்பவே 'ஸ்'ன்னு ஒரு சத்தம் வரல. இப்பவா அழுவப் போறாரு?"

விளக்குப் புகைதான் எண்ணெயாகப் படிந்திருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அன்று படத்தைக் கழற்றி அம்மா மடியில் கொடுத்துவிட்டு, சோப்பு நுரையால் அந்தக் கறையைத் தேய்த்தேன். கறை போகவில்லை. துணியைப் பிழிந்துகொண்டு திரும்பிப் பார்த்தால், ஆணியைச் சுற்றி நுரை அசைகிறது. கைக்குழந்தை எச்சிலில் குமிழி விடுமே, அந்த மாதிரி. ஒன்று ஊதி உடைந்தது, அடுத்தது ஊதியது.

ஒரு நிமிடம் நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த நிமிடம் புத்தி வந்தது. ஏர்கோன் மாட்டிய அன்று குழாய் புதைத்த தடம் இதே இடத்தில்தான் ஈரச் சிமெண்டாக இருந்தது.

"அம்மா, இந்த ஆணிய அடிச்சது யாரு?"

அம்மா அப்பா படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தான்."

"எதால?"

"லெசோங் குழவியால."

நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், இஞ்சி இடிக்கும் கல்லுரலின் குழவியை எடுத்து வந்து, கட்டில்மேல் ஏறி நின்று, தானே அடித்திருக்கிறார். அன்று மாலை படம் அறைக்கு இடம் மாறியிருந்ததைப் பார்த்தோம். அதற்கு முன்னால் அப்பா வரவேற்பறையில் டிவி மேசைமேல் சாய்ந்திருந்தார், ரிமோட்டுக்குப் பக்கத்தில். அங்கே ஆணி அடிக்கத்தான் சட்டம் இடம் தராதே. அம்மாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் தமிழ் வீடுகளில் செத்தவரைச் சுவரில் ஏற்றாமல் விட்டால் மரியாதை இல்லை. அதுவும் கட்டிய பெண்டாட்டிக்கு அது பொறுக்காது.

தவுக்கேக்குப் போன் போட்டேன். பாதி கேட்டதுமே கத்தினார்.

"ஆணிய புடுங்காத! ஏர்கோன அடை, ஜன்னல தொற. அங்க நெருப்பு ஏதும் இருக்கா?"

"விளக்கு இருக்கு. வெள்ளிக்கிழம ஏத்துவாங்க."

கத்தியவர் குரலை இறக்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "தங்கச்சி, இந்தப் புது ஏர்கோன் கேஸு நெருப்புக்கு ஆகாது. வாசனையும் இருக்காது. மூடுன ரூமுல சேந்துச்சுன்னா நல்லதில்ல. அம்மாவ வெளிய உக்கார வை."

ஜன்னலைத் திறந்துவிட்டு அம்மாவை வரவேற்பறையில் உட்கார வைத்தேன். அந்தச் சுவருக்கு அடியில்தான் அம்மா தலை வைத்துப் படுக்கிறார். அந்த மூடிய அறையில்தான் கற்பூரமும் கொளுத்துகிறார். பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். வழக்கம்போல அம்மாமேல் பாய்ந்தேன்.

"தலமாட்டுலயே ஓட்டை! புஸ்ஸுன்னு ஒரு சத்தம்கூடவா உனக்குக் கேக்கல?"

"கேட்டுச்சே. ஏர்கோன நிறுத்தினதும் ஒரு இரைச்சல் கேக்கும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"உங்க வீட்டு மெஷினு. அது எப்படிச் சத்தம் போடணும்னு எனக்கு என்ன தெரியும்? ஒரு வேள அப்படித்தான் போடுமோன்னு இருந்துட்டேன்."

உங்க வீடு. அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. சூடு தாங்காமல் விசிறியவரும், போர்வை நனைந்தும் நல்லாத்தான் இருக்கு என்றவரும், இரைச்சலைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவரும் ஒரே ஆள்தான். விருந்தாளி. போன இடத்தில் சோற்றில் உப்பில்லை என்று விருந்தாளி சொல்வாரா?

தவுக்கே இந்த முறை சாமான்களோடு வேனில் வந்தார். ஆணியைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "பைப்ப ஓட்டையும் போட்டுட்டு, அந்த ஓட்டைய அடைச்சுக்கிட்டும் நிக்குது பாரு. அதான் கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. எண்ணெயும் கூடவே கசிஞ்சிருக்கு. அம்மா, குறி தப்பாம அடிச்சிருக்கீங்க!"

அம்மா சிரிக்கவில்லை. வரவேற்பறை நாற்காலியில் அப்பா படத்தை மடியில் வைத்துக்கொண்டு, காலடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சே போட்டிருந்தார்.

மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விடாமல் ஒரு காலி உருளைக்குள் இழுத்துச் சேர்த்தார் தவுக்கே. குழாயையும் அறையையும் நன்றாகக் காற்றாட விட்ட பிறகுதான் உளி எடுத்தார். சுவரை உடைக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் திறந்தார். செம்புக் குழாயில் அடிபட்ட துண்டை வெட்டி எறிந்து, புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தார். பிறகு நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்து நான் கொடுத்த முறுக்கைத் தின்றார் தவுக்கே. முள் இறங்கவில்லை. முறுக்குத்தான் இறங்கியது. அதன்பின் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு, தராசில் எடை பார்த்துக் கேஸ் நிரப்பினார். இத்தனை வருடத்தில் அவர் தராசு எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

உடைத்த இடத்தைச் சிமெண்டால் பூசிவிட்டுப் போகும்போது பென்சிலால் சுவரில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "பைப்பு இதுக்குள்ள ஓடுது. இந்தக் கோட்டுக்குப் பக்கத்துல யாரும் ஆணி தூக்காதீங்க." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "கேஸ் குறையாதுன்ற கதைய தாமான்ல சொல்லிடாத லா," என்றார். நான் அதற்கு முன்பே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருந்தேன். அப்படியென்றால் தாமானுக்கே சொன்ன மாதிரிதான்.

அறை ஐஸ்பெட்டி ஆகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"தீபாவளி வரைக்கும் எதுக்கு இருக்கணும்? தம்பிய பஸ்ஸு ஸ்டேஷன்ல கொண்டு விடச் சொல்லு," என்றார். தம்பி என்பது என் வீட்டுக்காரர். "உங்க வீட்டுச் சுவத்துல நான் கைய வச்சிருக்கக் கூடாது. எம்மேல தப்பு. எவ்வளவு வேல ஆயிருச்சு பாரு."

எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டத் தெரியாமல் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். லெசோங் கண்ணில் பட்டது. குழவியை எடுத்தேன். இழுப்பறையில் ஆணி தேடினேன். இரண்டையும் கொண்டுவந்து அம்மா மடியில், அப்பாவின் பக்கத்தில் வைத்தேன்.

"எந்திரி. எங்க வேணுமோ அங்க அடி."

அம்மா குழவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, டிவிக்கு மேலே அந்தப் பூப்போட்ட சுவரைப் பார்த்தார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் காகிதப் பூக்களைப் பார்த்தார். பிறகு அவரே போய் நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க அத்தே. இங்க பைப்பு ஒண்ணும் இல்ல," என்றார்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். பெரிய பூ ஒன்றின் நட்ட நடுவில் ஆணியை வைத்து அடித்தார். டிவி அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை. படத்தை மாட்டி, கோணலைச் சரிசெய்து, நாற்காலியில் நின்றபடியே அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

"இனி இங்கேயே இருங்க," என்றார் அவரிடம்.

கீழே இறங்கவில்லை. கையை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொரு ஆணி குடு."

"இன்னொண்ணா? எதுக்கும்மா?"

"பைய மாட்ட."

நான் ஆணி எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கைலி, மருந்து, சீப்பு, திருநீற்று டப்பா, கடைசியில் முந்தானையில் முடிந்திருந்த சிலிம் ரிவர் வீட்டுச் சாவி, எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் நீட்டிய இரண்டு கைகளிலும் அடுக்கினார்.

"அலமாரியில எந்தத் தட்டு என்னோடது, காட்டுங்க தம்பி," என்றார்.